துப்பாக்கி உரிமமும் தோட்டத்து மக்களும்

(சிரம்பானில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1949ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, இதே நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜெலுபு வட்டாரத்தில், பி. வீரசேனன் என்ற தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் கொன்றதாகக் குற்றச்சாட்டு இல்லை. ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் அவரிடம் இருந்தன என்பதுதான் வழக்கு.

உரிமம் பெற்ற துப்பாக்கிகளால் குற்றம் பெருகுகிறதா என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். இது அமெரிக்காக்காரர்களின் சண்டை, ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் பிறந்த நமக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்த நாட்டின் கடுமையான துப்பாக்கிச் சட்டம் உருவானதே தோட்டத்தைச் சுற்றித்தான். அந்தச் சட்டத்தின் முழு எடையையும் முதலில் தாங்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆகவே இதைப் பேச நமக்கு உரிமை உண்டு. கடமையும் உண்டு என்றே சொல்வேன்.

கணபதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே இங்கே வந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தார். போர் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் இறங்கினார். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தார். சீனர், தமிழர், மலாய்க்காரர் என மூன்று லட்சம் தொழிலாளர்கள் அதன் குடையின் கீழ் இருந்த காலம் அது. கணபதி கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அதை மறைக்க வேண்டியதில்லை. 1948 ஜூனில் அரசாங்கம் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தின் பதிவை ஒழித்தது. அதே மாதம் 16ஆம் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தது.

அடுத்த சில வாரங்களில் வந்த அவசரகால விதிகளில் ஒன்று, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்றது. வைத்திருந்தாலே போதும், சுட்டிருக்க வேண்டியதில்லை. 'எனக்கு நியாயமான காரணம் இருக்கிறது' என்று நிரூபிக்கும் பாரமும் பிடிபட்டவன் தலையில்தான். 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் பக்கம் வாட்டர்பால் தோட்டத்தருகே கணபதி பிடிபட்டார். வழியில் கிடந்த துப்பாக்கியை எடுத்தேன், போலீசில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 15ஆம் தேதி தண்டனை சொல்லப்பட்டது. மே 4ஆம் தேதி கயிறு. கைதிலிருந்து தூக்கு வரை இரண்டு மாதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக இங்கிருந்த ஜான் திவி முயன்றார். நேருவின் அரசு லண்டன் வரை பேசிப் பார்த்தது. பலனில்லை.

அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்று நாம் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பை இரண்டு வாரத்தில் சொல்லிவிட முடியாது என்பதற்குச் சான்று, அதே காலத்தில் இன்னொரு தமிழரின் வழக்கிலேயே இருக்கிறது. சாம்பசிவம் என்பவர் 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். துப்பாக்கி ஏந்தியது ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொரு குற்றச்சாட்டு. தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கி வழக்கை மறுபடி விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950 மார்ச்சில் மக்டர்மட் பிரபுவின் தீர்ப்பு வந்தது: ஒரு குற்றச்சாட்டில் ஒருவர் விடுதலையான பிறகு, அந்த விடுதலையை மதிக்காமல் அதே சங்கதியை வைத்து அவரை இன்னொரு வழக்கில் மாட்டக் கூடாது. தண்டனை ரத்தானது. இன்றைக்கும் காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்களில் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பார்க்கும்போது, அவர் நம் ஆள் என்று தெரிந்து படிக்க வேண்டும்.

அவசரகாலம் 12 ஆண்டு நீடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நாள்களில் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். துரை பங்களாவைச் சுற்றி மணல் மூட்டை. துரை மரம் பார்க்க வரும்போது இடுப்பில் துப்பாக்கி, கூடவே ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, அரிசிக்கு அளவு. இரவில் காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசியும் சந்தாவும் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் அவர்களுடைய துப்பாக்கி. கொடுத்தது தெரிந்தால் காலையில் போலீஸ். கங்காணிமாரும் கிராணிமாரும் கம்யூனிஸ்டுகள் கையால் செத்திருக்கிறார்கள். இந்தச் சிரம்பானில் அமர்ந்து மிதவாதத் தொழிற்சங்கத்தைக் கட்டிய பி. பி. நாராயணன் போன்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். பால்மரம் சீவப் போன நம் மக்கள் கையில் இருந்தது சீவுகத்தி மட்டும்.

காட்டில் இருந்த அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இந்தத் தலைப்பில் பேசுகிற எவரும் முதலில் கேட்க வேண்டும். ஜப்பானியர் காலத்தில் கம்யூனிஸ்டுகள் நடத்திய எதிர்ப்புப் படைக்குப் பிரிட்டிஷார் தாமே ஆயுதம் கொடுத்தார்கள். வானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கினார்கள். 1945 டிசம்பரில் படையைக் கலைத்தபோது, ஆயுதத்தை ஒப்படைத்தால் ஆளுக்கு 350 வெள்ளி என்றார்கள். பல ஆயிரம் துப்பாக்கிகள் திரும்பி வந்தன. வராதவை காட்டுக்குள் புதைக்கப்பட்டன. மூன்று வருடத்துக்குள் அவற்றைத் தோண்டி எடுத்துத்தான் சுட்டார்கள். அரசாங்கம் தன் கையால் கொடுத்த துப்பாக்கிக்கு அரசாங்கத்திடமே ஒழுங்கான கணக்கு இல்லை. அந்தக் கணக்கில் விழுந்த ஓட்டைக்கு விலையாக ஒரு தலைமுறையே முள்வேலிக்குள் வாழ்ந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். துப்பாக்கிக் குற்றத்தைக் குறைப்பது எது என்று கேட்டால், நம் நாட்டு அனுபவம் இரண்டு விடை தருகிறது. ஒன்று, துப்பாக்கி மிகச் சிலர் கையில் மட்டும் இருப்பது. மற்றொன்று, அந்தச் சிலர் கையில் இருப்பது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று அரசாங்கம் விடாமல் பார்ப்பது. தண்டனையை ஏற்றிக்கொண்டே போவது இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை.

1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று ஆயுதச் சட்டம். இன்றைக்கும் நம் துப்பாக்கி உரிமத்துக்கு அதுதான் அடிப்படை. மற்றொன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், இசா. ஆயுதச் சட்டம் நிதானமான சட்டம்: உரிமமில்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இசாவோ அவசரகால விதியின் வாரிசு. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாய மரணம். நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. 1971இல் துப்பாக்கிக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் வந்தது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கொள்ளை, கடத்தல் போன்ற குற்றங்களின்போது சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரணம் என்ற நிலையும் பிறகு வந்தது.

இவ்வளவு கடுமை இருந்தும் என்ன நடந்தது? 1970களில் கோலாலம்பூரைக் கலக்கியவன் போத்தாக் சின். வங்கி, நகைக்கடை, சூதாட்ட இடம் என்று எங்கும் துப்பாக்கியோடு போனான். அவன் துப்பாக்கிகள் தாய்லாந்து எல்லை தாண்டி வந்தவை. துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற சட்டம் அவன் கொள்ளையைத் தொடங்கும் முன்பே இருந்தது. 1981 ஜூனில் அவனைத் தூக்கிலிட்டார்கள், சரி. ஆனால் அவனுக்குப் பின்னும் துப்பாக்கிக் கொள்ளைகள் தொடர்ந்தன. அதே சட்டம் 1977இல் வேறொருவனைப் பிடித்தது. கைத்துப்பாக்கியோடு சிக்கிய 14 வயதுச் சிறுவன். கட்டாய மரணம் என்பதால் நீதிபதி மரணமே விதித்தார். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. பின்னர்த் தண்டனை குறைக்கப்பட்டது. கயிற்றைக் காட்டி மிரட்டும் சட்டம் வழக்கமான குற்றவாளியை நிறுத்துவதில்லை. தடுமாறி விழுந்தவனைத்தான் முதலில் சுருக்கில் மாட்டுகிறது. இசா 2012இல் போனது. 2023இல் கட்டாய மரண தண்டனையையும் நாடாளுமன்றம் ஒழித்தது. இப்போது நீதிபதி மரணத்துக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அதை நான் மனதார வரவேற்கிறேன்.

இன்றைக்கு உரிமம் யாரிடம் இருக்கிறது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காட்டுப்பன்றி இளம் செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். ஒரே இரவில் ஒரு வரிசை நாசம். அதற்காக விவசாயிகளும் சிறுதோட்டக்காரர்களும் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். 1972இல் ரேலா என்ற தன்னார்வப் பாதுகாப்புப் படை தொடங்கியபின் தோட்டங்களிலும் கம்பங்களிலும் அதன் உறுப்பினர் சிலரிடம் துப்பாக்கி வந்தது. எங்கள் லயத்தில் கடைசி வீட்டு மாமா ஒருவர் அப்படி வைத்திருந்தார். நடுவில் மடங்கித் திறக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. ஞாயிறு காலையில் திண்ணையில் பழைய சாக்கை விரித்து, அதை மடக்கித் திறந்து, துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுப்பார். தேங்காய் எண்ணெய் வாடையும் கரிமருந்து வாடையும் சேர்ந்து வரும். தோட்டாக்களை ஒரு மில்க் டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். எங்களுக்கெல்லாம் அந்த டின் இருக்குமிடம் தெரியும். எத்தனை தோட்டா என்று அவருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். சுட்டால் கணக்குச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் தெரிகிற இடத்தில் வைத்தது பெரிய தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை, அந்தக் கணக்கு இருந்ததே, அதுதான் இந்த நாட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

மலேசியாவில் பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கி 100 பேருக்கு ஒன்றுகூட இல்லை. ஜெனிவாவில் உள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீடு அது. அதே கணக்கில் தாய்லாந்தில் 100 பேருக்கு 15. அமெரிக்காவில் 120, அதாவது ஆளை விடத் துப்பாக்கி அதிகம். தாய்லாந்துக்காரர்களும் நம்மைப் போல உறைப்பும் புளிப்பும் தின்று, கோயிலுக்குப் போய், பிள்ளை வளர்க்கும் மக்கள்தான். ஆனால் அங்கே போலீசாருக்கும் அரசு ஊழியருக்கும் சலுகை விலையில் துப்பாக்கி விற்கும் திட்டம் பல காலம் இருந்து வந்தது. அப்படி வாங்கியவை கைமாறிக் கள்ளச் சந்தைக்குப் போயின. அங்கே சட்டப்படி விற்றது எல்லை தாண்டும்போது இங்கே கள்ளத் துப்பாக்கி. உரிமத் துப்பாக்கி வேறு, கள்ளத் துப்பாக்கி வேறு என்று முழுசாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏதோ ஒரு தொழிற்சாலையில் செய்து, யாரோ ஒருவருக்குச் சட்டப்படி விற்ற பிறகுதான் பெரும்பாலான துப்பாக்கிகள் வழிமாறுகின்றன.

வெளிநாட்டு அனுபவம் இதற்கு மேலும் ஒரு எச்சரிக்கை தருகிறது. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டவன் உரிமம் வைத்திருந்தவன். பிரிட்டன் மறு ஆண்டே கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனும் உரிமம் பெற்றவன்தான். அவனுக்கு உரிமம் கொடுத்தபோது போலீசார் சரியாக விசாரிக்கவில்லை என்று பின்னர் அரச விசாரணை ஆணையம் கண்டது. ஆகவே, உரிமத் துப்பாக்கியால் குற்றமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உரிமத்தை எளிதாகக் கொடுத்து, கொடுத்தபின் கண்ணை மூடிக்கொள்ளும் நாடுகளில் அதிலிருந்து குற்றம் வருகிறது. நம் நாட்டில் அது குறைவாக இருப்பதற்கு நம் மக்கள் வேறு பிறவி என்பது காரணமல்ல; கதவு குறுகலாக இருப்பதே காரணம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2013 ஜூலை 27ஆம் தேதி, இதே மாநிலத்தில் பகாவில், பட்டப்பகலில், குற்றத் தடுப்பு அமைப்பான மைவாட்ச்சின் தலைவர் ஆர். ஸ்ரீ சஞ்சீவன் காரில் இருந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அவரைச் சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து கோலாலம்பூரில் வங்கித் துறையில் பெயர் பெற்ற ஹுசைன் நஜாடி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே பதறியது. அப்போதுதான், நமக்கும் துப்பாக்கி கொடுங்கள், நாங்களே எங்களைக் காத்துக்கொள்கிறோம் என்ற பேச்சு நம்மவர்களிடமும் கிளம்பியது. அடுத்த மாதம் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது.

அந்தப் பட்டியலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீலாய் எப்படி நகரமானது? சிரம்பான் 2 எந்த மண்ணின்மேல் எழுந்தது? தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். பால்மரம் போனதும் வேலை போனது, பள்ளிக்கூடமும் கோயிலும் இடம் மாறின. மலிவு விலை அடுக்குமாடியின் நாலாவது மாடியில் அப்பாவுக்கும் வேலையில்லை, பிள்ளைக்கும் பட்டம் இல்லை. பெந்தோங் காளி என்ற கும்பல் தலைவன் 1993 ஜூனில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டபின், சில தோட்டத்துப் பையன்கள் அவன் பெயரைக் கதாநாயகனின் பெயரைப் போலச் சொல்லித் திரிந்ததை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தொழில்கல்வியில் சேர்க்கிற வேலையைத் துப்பாக்கி உரிமம் செய்துவிடாது. பகாவில் சுட்டவர்கள் கையிலிருந்த துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு எந்த போலீஸ் தலைமையகத்திலும் யாரும் மனுப் போட்டிருக்க மாட்டார்கள். காரில் இருந்தவரிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தாலும், மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு நொடியில் சுட்டுவிட்டுப் போகிறவனுக்கு எதிராக அதை எடுக்க நேரமிருந்திருக்காது.

வீட்டுத் திருட்டுக்குத் துப்பாக்கி பதில் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். திருடன் முதலில் தேடுவது பணத்தையும் நகையையும். அங்கே துப்பாக்கியும் இருந்தால், அவன் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டுதான் போவான். அடுத்த வீட்டில் அவன் நுழையும்போது கையில் இருப்பது உங்கள் துப்பாக்கி. வீட்டில் குடிப்பவர் இருந்தால், மனம் நொந்த பிள்ளை இருந்தால், சண்டை போடும் தம்பதி இருந்தால், அந்தத் துப்பாக்கி முதலில் யாரை நோக்கித் திரும்பும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம் சமூகத்தில் தற்கொலை எந்த அளவுக்குக் குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்பது இந்த அரங்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும்.

உரிமத் துப்பாக்கியிலிருந்து குற்றம் கசியும் வழி நம் நாட்டிலும் உண்டு. அதிலும் ஒன்று நம்மவர்களை நேராகத் தொடுகிறது. தோட்டத்தை விட்டு வந்த ஆண்களில் எத்தனை பேர் இன்று பாதுகாவலர் சீருடையில் இருக்கிறார்கள்! அந்தக் காலத்துத் தோட்டத்து ஜாகா, இன்று வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் பம்ப் கன்னோடு 12 மணி நேரம் நிற்கிறார். துப்பாக்கி கம்பெனியின் பெயரில், அதை ஏந்திப் பயன்படுத்தும் அனுமதி தனியே அந்த ஆளின் பெயரில் இருக்க வேண்டும். 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியில், போலி அடையாள அட்டையோடு பாதுகாவலராகச் சேர்ந்த ஒருவன், கம்பெனி கொடுத்த துப்பாக்கியாலேயே வங்கிப் பெண் அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினான். துப்பாக்கி சட்டப்படியானது, கம்பெனியும் சட்டப்படியானது. ஆள் மட்டும் யார் என்று எவரும் பார்க்கவில்லை. உரிமத்தின் கடைசிக் கண்ணி மனிதன். அந்தக் கண்ணியைச் சோதிக்காமல் முன்னாலிருக்கும் கண்ணிகளை எவ்வளவு சோதித்தும் பயனில்லை.

இன்னொரு வழி வேட்டை. பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தியை நாம் ஆண்டுதோறும் பத்திரிகையில் பார்க்கிறோம். இரவில் நெற்றி விளக்குக் கட்டிக்கொண்டு, புதரில் ஏதோ அசைகிறது என்று சுட்டுவிடுகிறார்கள். அங்கே இருந்தது கூட வந்த நண்பன். அதைக் குற்றம் என்று நாம் எண்ணுவதில்லை, விதி என்று விட்டுவிடுகிறோம். விதி அல்ல, பயிற்சி இல்லாதது. கார் ஓட்டப் பரீட்சை வைக்கிற நாடு, பன்றி சுடப் போகிறவனுக்கும் கண்டிப்பான பயிற்சியும் ஆண்டுதோறும் மருத்துவச் சோதனையும் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பார்வை மங்கிய 75 வயதுப் பெரியவர் பழைய உரிமத்தோடு இரவுக் காட்டுக்குப் போகக் கூடாது.

தடையை இன்னும் இறுக்கி எல்லா உரிமத்தையும் பிடுங்கிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. சபாவில் பாக்காகுக் என்ற நாட்டுத் துப்பாக்கியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஜப்பானைவிடக் கண்டிப்பான துப்பாக்கிச் சட்டம் உலகில் அரிது. அங்கேயே 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றது கையால் செய்த துப்பாக்கிதான். பன்றி வந்து நாசம் செய்யும் சிறுதோட்டக்காரனுக்கு நியாயமான வழி இல்லையென்றால் அவன் நியாயமற்ற வழியைத் தேடுவான். அப்போது எண்ணும் இல்லை, கணக்கும் இல்லை. உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி ஒன்று போலீசின் பதிவேட்டில் இருப்பது, பதிவேட்டிலேயே இல்லாத ஒன்று புதருக்குள் இருப்பதைவிட நல்லது.

கேட்டு வாங்க வேண்டியவை என்று என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாவலர் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் கம்பெனி சொல்வதை நம்பி விடாமல், தேசியப் பதிவுத் துறையோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதுகாவல் கம்பெனிகளின் துப்பாக்கி எண்ணிக்கையைப் போலீசார் அறிவிப்பில்லாமல் போய் எண்ண வேண்டும். பிடிபடும் ஒவ்வொரு கள்ளத் துப்பாக்கியும் எந்த நாட்டில் செய்தது, யாருக்கு முதலில் விற்றது என்று பின்னோக்கித் தேடி, அந்த விவரத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். உரிமத் துப்பாக்கியால் எத்தனை குற்றம், கள்ளத் துப்பாக்கியால் எத்தனை என்று பிரித்துச் சொன்னால்தான் நாம் உணர்ச்சியை விட்டுக் கணக்கோடு பேச முடியும். நம் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அங்கே எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். ஓட்டுக் கேட்டு வரும்போது நீங்கள் அவர்களைக் கேளுங்கள்.

பாதுகாவலராக வேலை செய்யும் தம்பிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கம்பெனியில் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுக்கும்போது, உங்கள் பெயரில் அனுமதி வந்துவிட்டதா என்று கேளுங்கள். தாளைக் கண்ணால் பார்த்தபின் வாங்குங்கள். 'நாளைக்கு வந்துவிடும், இன்றைக்கு மட்டும் நில்லு' என்பார்கள். நிற்காதீர்கள். போலீஸ் வந்து சோதித்தால் மாட்டுவது நீங்கள். துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் பாதுகாப்பாகப் பிடிக்கவும் பயிற்சி கொடுக்காமல் வாசலில் நிறுத்தினால், அதைத் தொழிற்சங்கத்துக்கும் போலீசுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அம்மா, அக்கா, உங்களில் சிலர் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ வைத்திருந்த துப்பாக்கி பரணில் இருக்கலாம். உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவர் போய்விட்டார். அந்த உரிமம் பிள்ளைக்குத் தானாக வராது. அவர் நினைவாக வைத்திருக்கிறோம் என்ற காரணத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அதை நீங்களே தூக்கிக்கொண்டு தெருவில் போகாதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு முதலில் போன் செய்து, உரிமப் புத்தகமும் இறப்புச் சான்றிதழும் இருக்கிறது, துப்பாக்கியை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். தோட்டாக்களையும் எண்ணிக் கொடுங்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். எப்படிச் செய்வது என்று சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் கலைந்தபின் மேடைப் பக்கம் வாருங்கள். நம் வழக்கறிஞர் தம்பிகள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், உட்கார்ந்து பேசலாம்.